திருவிழா வரவும் ஆண்டுக் கணக்கும்

திருப்பதியில் கடை வைத்திருப்பவருக்கு என்ன குறை என்று வெளியூரார் கேட்பது வழக்கம். சாதாரண நாட்களிலேயே அறுபதாயிரம் பேருக்கு மேல் மலையேறி இறங்கும் ஊர் அது. வந்தவர்கள் வெறுங்கையோடு வீடு திரும்ப விரும்புவதில்லை. குழந்தைக்கு ஒரு பொம்மை, மனைவிக்கு வளையல், பக்கத்து வீட்டாருக்குக் குங்குமம், பூசை அறைக்கு ஒரு படம் என்று ஏதேனும் வாங்கியே தீருவர். இவ்வளவு கூட்டம் கடை வாசலைக் கடந்து போகும்போது வியாபாரம் நடக்காமலிருக்குமோ?

நடக்கத்தான் செய்கிறது. ஆயினும், புரட்டாசியில் கை ஓயாமல் விற்ற கடைக்காரரே மூன்று மாதங் கழித்துச் சரக்குப் பிடிக்கக் கடன் தேடி அலைவதையும் அவ்வூரில் காண்கிறோம். இது அவருடைய சோம்பலினால் வந்ததன்று. விடியற்காலை நான்கு மணிக்குக் கடை திறந்து இரவு பதினொரு மணிக்கு மூடுகிறவரைச் சோம்பேறி என்று யாரும் சொல்லார். கூட்டம் கண்ணுக்குத் தெரிகிறது, கணக்கு தெரிவதில்லை. தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. சிறு வணிகர் ஓர் ஆண்டின் வரவு செலவை முன்கூட்டியே எவ்வாறு எண்ணிப் பார்ப்பது, அதற்கு எத்தகைய மனப்போக்கு வேண்டும் என்பதை, திருப்பதியையும் அதன் அண்டையிலுள்ள சித்தூரையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு நாம் ஆராய்வோம்.

இவ்விரண்டு ஊர்களும் 2022 ஏப்ரல் 4 வரை ஒரே மாவட்டத்தில் இருந்தவை. அன்றுதான் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. 1960-இல் எல்லைத் திருத்தத்தின்போது திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது, சித்தூர் ஆந்திரத்திலேயே நின்றது. ஆகவே இப்பகுதிக் கடைகளில் தெலுங்கில் எழுதிய பேரேட்டையும் தமிழில் எழுதிய பேரேட்டையும் அடுத்தடுத்த கடைகளில் காணலாம். எந்த மொழியில் எழுதினாலும் கூட்டலும் கழித்தலும் ஒன்றே. எழுதாமல் விடுவதுதான் வேறு.

முதலில் திருப்பதிக் கடையைப் பார்ப்போம். அவ்வூரின் தலையாய பண்டம் லட்டு. அதை ஊர்க் கடைக்காரர் எவரும் செய்து விற்க இயலாது. திருப்பதி லட்டு 2009-இல் புவிசார் குறியீடு பெற்றது. தேவஸ்தானமன்றி வேறொருவர் அப்பெயரால் லட்டு விற்பது சட்டத்துக்கு மாறானது. எனவே வருகிறவர் முதன்மையாகத் தேடும் பொருள் கடைத்தெருவில் இல்லை. கடைக்காரர் விற்பவை அதற்கு அடுத்தபடியானவை: சிவகாசியில் அச்சான படங்கள், செப்புக் காப்பு, துளசி மணி, கயிறு, மரச் சிற்பம், முடியிறக்கியவர் தலைக்குப் பூசும் சந்தனம், மொட்டையடித்த குழந்தைக்கு ஒரு தொப்பி. இவற்றுள் பலவும் வேற்றூரிலிருந்து வாங்கி வரும் சரக்கு. ஒரே சரக்கைப் பக்கத்துப் பக்கத்தில் பத்துக் கடைகள் விற்கும்போது விலையை ஏற்றுவதற்கு இடமில்லை. வாங்க வருகிறவரோ பெரும்பாலும் மறுமுறை அதே கடையைத் தேடி வருவதில்லை. வாடிக்கை என்னும் பெருந்துணை இல்லாமல் நடக்கும் வியாபாரம் இது.

இனி ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது யாருடைய கடைக் கணக்குமன்று. விளக்கத்துக்காக நாமே வைத்துக்கொள்வது. கடை வாடகை மாதம் 12,000 ரூபாய், உதவிக்கு இருக்கும் பையனுக்குச் சம்பளம் 10,000 ரூபாய், மின்கட்டணமும் சில்லறைச் செலவும் 3,000 ரூபாய், குடும்பச் செலவுக்கு எடுப்பது 20,000 ரூபாய். மொத்தம் 45,000 ரூபாய். நாளொன்றுக்கு 1,500 ரூபாய் ஆகிறது. கடை திறந்தாலும் திறவாவிட்டாலும், மழை பெய்தாலும், இரயில் நின்றாலும் இந்த 1,500 ரூபாய் செலவாகியே தீரும். ஒரு ரூபாய்க்கு விற்றால் அதில் 75 காசு சரக்கின் கொள்முதல், 25 காசு கடைக்காரருக்கு நிற்பது என்று கொள்வோம். 1,500 ரூபாய் நிற்க வேண்டுமானால் நாள் விற்பனை 6,000 ரூபாய் இருக்க வேண்டும். இந்த 6,000 என்னும் எண்ணைத் தம் கடைக்குரிய அளவில் ஒவ்வொரு வணிகரும் அறிந்திருத்தல் வேண்டும். பலர் அறிவதில்லை. இரவு பணப்பெட்டியில் 4,000 ரூபாய் இருந்தால் “பரவாயில்லை, இன்று நாலாயிரம்” என்று மகிழ்ந்து வீடு செல்கின்றனர். உண்மையில் அன்றைக்கு அவர் 500 ரூபாய் நட்டத்தோடு செல்கிறார்.

ஆண்டில் 120 நாள் கூட்டமான நாள் என்றும், அந்நாட்களில் 12,000 ரூபாய்க்கு விற்கிறது என்றும் கொள்வோம். எஞ்சிய 245 நாட்களில் 3,500 ரூபாய்க்குத்தான் விற்கிறது. கூட்ட நாளில் 3,000 ரூபாய் நிற்கிறது. செலவு போக 1,500 மிச்சம். 120 நாளுக்கு 1,80,000 ரூபாய். கூட்டமில்லாத நாளில் நிற்பது 875 ரூபாயே. 625 ரூபாய் துண்டு விழுகிறது. 245 நாளுக்கு 1,53,125 ரூபாய். கழித்துப் பார்த்தால் ஆண்டு முழுவதற்கும் உண்மையான மிச்சம் 26,875 ரூபாய்.

இங்கே சற்று நின்று கவனிக்க வேண்டும். கூட்ட நாட்கள் முடியும் வேளையில் கடைக்காரர் கையில் இருப்பது 1,80,000 ரூபாய். அது தம்முடைய இலாபம் என்று அவர் எண்ணுகிறார். ஆனால் அதில் ஏறத்தாழ 1,53,000 ரூபாய் இனி வரப்போகும் வறண்ட நாட்களுக்கு முன்கூட்டியே உரிமையானது. அந்தத் தொகைக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினாலோ, மகளின் சங்கிலிக்குப் பொன் சேர்த்தாலோ, வறண்ட நாட்களுக்கு உரிய பணத்தை எடுத்துச் செலவு செய்ததாகும். பிறகு தை மாசிகளில் சரக்குக்குப் பணமில்லாமல் கடன் வாங்குகிறார். “இந்த ஆண்டு வியாபாரம் சரியில்லை” என்கிறார். வியாபாரம் எப்போதும்போலத்தான் நடந்தது.

இதற்குப் பெரியவர்கள் கையாண்ட வழி எளிது. கடைப் பை வேறு, வீட்டுப் பை வேறு. கடையிலிருந்து வீட்டுக்கு மாதம் 20,000 என்று முடிவு செய்தால், புரட்டாசியானாலும் மார்கழியானாலும் அதே 20,000 ரூபாய்தான். கடைக்காரர் தம் கடையில் தாமே சம்பளம் வாங்குகிறவராகத் தம்மை எண்ணிக்கொள்ள வேண்டும். கூட்ட நாளின் மிச்சத்தைத் தனி வங்கிக் கணக்கில் போட்டுவிட்டால், வறண்ட மாதங்களில் அதிலிருந்து எடுத்துக் கடைக்குக் கொடுக்கலாம். சொல்வதற்கு இது எளிது, செய்வது அருமை. கல்லாப்பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, வீட்டிலிருந்து கேட்டு வருகிறவரும் வேற்றாள் அல்லர்.

கலியாணச் செலவு வேறு இருக்கிறது. திருமலையானே தம் திருமணத்துக்குக் குபேரனிடம் கடன் வாங்கினார், இன்னமும் வட்டி கட்டி வருகிறார் என்பது தல வரலாறு. தெலுங்கு மக்கள் அவரை ‘வட்டிகாசுலவாடு’ என்று உரிமையோடு அழைப்பர். கீழ்த் திருப்பதிக் கோவிந்தராசர் தலைக்கு மரக்காலை வைத்துப் பள்ளிகொண்டிருப்பது, அந்தக் கடனுக்காகப் பொருளை அளந்து அளந்து களைத்ததனால் என்றும் கதை சொல்வர். கலியாணக் கடன் தீர அவருக்கு உண்டியல் இருக்கிறது. நமக்குக் கல்லாப்பெட்டி மட்டுமே. “மலையப்பன் படியளப்பான்” என்று சொல்லிக் கணக்கெழுதாமல் இருப்பவரையும் நாம் கண்டிருக்கிறோம். அந்த மலையப்பன் சந்நிதியிலேயே உண்டியல் பணத்தைப் பரகாமணி என்னும் ஏற்பாட்டில் அமர்ந்து நாள்தோறும் எண்ணிக் கணக்கில் ஏற்றுகிறார்கள் என்பதை அவர்கள் நினைத்துப் பார்க்கலாம்.

கடன் என்றால் எல்லாக் கடனும் ஒன்றல்ல. கடைத்தெருவில் மிகவும் எளிதாகக் கிடைப்பது தண்டல் கடன். 10,000 ரூபாய் என்று பேசி 1,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 8,500 கொடுக்கிறார்கள். நாளொன்றுக்கு 100 ரூபாயாக நூறு நாளில் திருப்பித் தர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 8,500-க்கு 1,500 வட்டியென்றால் நூற்றுக்குப் பதினேழு பதினெட்டுத்தானே என்று தோன்றும். ஆனால் வாங்கிய பணம் முழுவதும் நூறு நாளும் நம் கையில் இருக்கவில்லை. முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்டி வருகிறோம். சராசரியாக 4,250 ரூபாயைத்தான் நாம் பயன்படுத்தினோம். அதற்கு நூறு நாளில் 1,500 வட்டி. ஆண்டுக்குக் கணக்கிட்டால் நூற்றுக்கு நூற்றிருபதைத் தாண்டுகிறது. நம் எடுத்துக்காட்டுக் கடைக்கு ஆண்டு முழுவதும் மிஞ்சியது 26,875 ரூபாய் என்று கண்டோம். நூறு நாளைக்கு ஒன்றாக இத்தகைய கடன் மூன்று வாங்கினாலே 4,500 ரூபாய் போய்விடுகிறது. 50,000 ரூபாய்க்கு வாங்கினால் மிச்சம் இருந்த இடம் தெரியாது.

2020-ஆம் ஆண்டு இந்த வேறுபாட்டை எல்லோருக்கும் காட்டிவிட்டது. கொரோனா நோயை முன்னிட்டு அவ்வாண்டு மார்ச் 20 அன்று திருமலையில் பக்தர் வருகை நிறுத்தப்பட்டது. நாடு முழுவதும் ஊரடங்கு மார்ச் 25-இல் தொடங்கியது. ஜூன் 8 முதல் சோதனையாக ஊழியர்களும் உள்ளூராரும், ஜூன் 11 முதல் மற்றவர்களும் தரிசனத்துக்கு அனுமதிக்கப்பட்டனர். அப்போதும் தொடக்கத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 6,000 பேருக்குத்தான் இடம். முன்பு வந்தவர்களில் பத்தில் ஒரு பங்கு. அவ்வாண்டு அதிக மாதம் வந்தமையால் இரண்டு பிரம்மோற்சவங்கள். இரண்டும் வீதியுலா இன்றிக் கோயிலுக்குள்ளேயே ஏகாந்தமாக நடந்தன. 2021-லும் அவ்வாறே. 2022 செப்டம்பர் இறுதியில்தான் மாடவீதிகளில் மீண்டும் வாகனம் புறப்பட்டது. கூட்ட நாட்களை நம்பி ஆண்டைக் கழிக்கும் கடைக்காரருக்கு இரண்டு புரட்டாசிகள் பறிபோயின என்றால் அதன் பொருளை நாம் மேலே போட்ட கணக்கிலிருந்தே உணரலாம்.

அந்நாட்களில் அரசும் ரிசர்வ் வங்கியும் செய்த உதவி யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 2020 மார்ச் 27-இல் ரிசர்வ் வங்கி, கடன் தவணைகளை மூன்று மாதம் தள்ளி வைக்க வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் இடமளித்தது. பின்னர் அது ஆகஸ்ட் 31 வரை நீட்டிக்கப்பட்டது. மே மாதத்தில் அரசின் உத்தரவாதத்தோடு கூடுதல் கடன் தரும் திட்டம் ஒன்றும் வந்தது. அது பிப்ரவரி 29 அன்று வங்கியில் நிலுவையிலிருந்த கடனை அடிப்படையாகக் கொண்டு, அதில் நூற்றுக்கு இருபது பங்கு வரை கொடுக்கப்பட்டது. ஆகவே வங்கியில் முறையாகக் கடன் கணக்கு வைத்திருந்தவருக்குத் தவணையும் தள்ளிப் போயிற்று, கைக்குப் பணமும் கிடைத்தது. தண்டல்காரரிடம் வாங்கியிருந்தவருக்கு இரண்டும் இல்லை. “வங்கிக்கு நடந்தால் செருப்புத் தேயும், அங்கே காகிதம் கேட்பார்கள்” என்று சலித்துக்கொள்வது நியாயமே. ஆனால் அந்தக் காகிதங்கள்தாம் நெருக்கடியில் ஒருவரைக் கணக்கில் கொண்டுவந்தன.

நடைபாதையில் விற்பவர்களுக்கு 2020 ஜூன் 1-இல் தொடங்கிய பிரதமர் ஸ்வநிதி திட்டம் அக்குறையை ஓரளவு நீக்கியது. முதல் தவணையாக 10,000 ரூபாய் கொடுத்து, ஒழுங்காகத் திருப்பினால் அடுத்த தவணையில் அதிகம் தருவது அதன் முறை. 2025-இல் முதல் தவணை 15,000 ரூபாயாகவும் இரண்டாவது 25,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது, மூன்றாவது 50,000 ரூபாய். கடை உடையவர்களுக்கு 2015 ஏப்ரல் 8-இல் தொடங்கிய முத்ரா திட்டம் இருக்கிறது. அதில் ஈடு இல்லாமல் பத்து இலட்சம் ரூபாய் வரை கடன் பெறலாம். முன் வாங்கிய பெருங்கடனை அடைத்தவருக்கு இருபது இலட்சம் வரை என 2024-இல் உயர்த்தினர். இவற்றை நாம் சொல்வது எல்லோரும் உடனே கடன் வாங்க வேண்டும் என்பதற்காக அன்று. கடன் வாங்குவதாயின் எதற்கு வாங்குகிறோம் என்பதை முதலிலே தெளிய வேண்டும். புரட்டாசிக்கு முன் சரக்குப் பிடிக்க வாங்கிய கடன் புரட்டாசியிலேயே திரும்பிவிடும். வறண்ட மாதத்து வாடகைக்கு வாங்கிய கடன் எதிலிருந்து திரும்பும்?

கையிருப்பு எவ்வளவு வேண்டும் என்று கேட்டால், மூன்று மாதச் செலவாவது என்று நாம் சொல்வோம். நம் எடுத்துக்காட்டில் அது 1,35,000 ரூபாய். ஆண்டுக்கு 26,875 ரூபாய் மிஞ்சும் கடை அதைச் சேர்க்க ஐந்து ஆண்டுகள் ஆகும். மலைத்துப் போக வேண்டியதில்லை. அந்தக் கடையின் ஆண்டு விற்பனை 22,97,500 ரூபாய். ரூபாய்க்கு 25 காசு நிற்பது 27 காசானால் ஆண்டுக்குக் கூடுதலாக 45,950 ரூபாய் வரும். இரண்டு காசு எங்கிருந்து வரும்? விலையை ஏற்றி வராது. பக்கத்துக் கடை இருக்கிறது. கொள்முதலில்தான் வரும். மொத்த வியாபாரியிடம் கடனுக்கு எடுப்பவருக்கு ஒரு விலை, ரொக்கம் கொடுப்பவருக்கு ஒரு விலை. கையில் கொஞ்சம் பணம் சேர்த்துக்கொண்டு ரொக்கத்துக்கு எடுத்தால் அந்த இரண்டு காசு அங்கே இருக்கிறது. விற்காத சரக்கை அடுக்கில் வைத்துக்கொண்டிருப்பதை நிறுத்தினால் இன்னும் சிறிது வரும். தை மாதத்தில் ஒரு நாள் கடையைப் பாதி நேரம் சாத்திவிட்டு, எந்தப் பொருள் போன ஆண்டிலிருந்து நகரவில்லை என்று எண்ணிப் பார்ப்பது வீண் வேலையன்று.

திருப்பதி வணிகருக்குப் பஞ்சாங்கம் ஒரு வியாபாரக் கருவி. அதிக மாதம் வரும் ஆண்டுகளில் திருமலையில் இரண்டு பிரம்மோற்சவங்கள் நடப்பது வழக்கம்; 2015, 2018, 2020, 2023 ஆகிய ஆண்டுகளில் அவ்வாறு நடந்தது. ஏறத்தாழ மூன்றாண்டுக்கு ஒருமுறை வரும் இதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே அறிந்துகொள்ள இயலும். தமிழ்நாட்டார் பெருந்திரளாக வரும் புரட்டாசிச் சனிக்கிழமைகள், பள்ளி விடுமுறை, வைகுண்ட ஏகாதசி ஆகியவையும் முன்னரே தெரிந்தவை. 2020 முதல் வைகுண்ட வாயில் பத்து நாள் திறந்திருக்கும்படி செய்ததனால் ஒரு நாள் நெரிசல் பத்து நாள் வியாபாரமாகப் பரவிற்று. சாலை மாறினாலும் வியாபாரம் மாறும். 1944-இல் முதல் மலைச் சாலை திறக்கும்வரை மக்கள் நடந்தோ டோலியிலோ ஏறினர். 1974-இல் இரண்டாம் சாலையும் வந்தது. ஏறுவதும் இறங்குவதும் ஒரு நாளில் முடிவதானபின், தங்கியிருந்து மெல்ல வாங்கியவர் போய், பேருந்துக்கு நேரமாயிற்று என்று பரபரப்போடு வாங்குகிறவர் வந்தார். இத்தகைய மாறுதல்களைப் புரிந்துகொண்டவர் கடையை அதற்கேற்ப மாற்றினார்.

இனிச் சித்தூர்ப் பக்கம் திரும்புவோம். அங்கே கூட்டம் மனிதராக வருவதில்லை, மாங்காயாக வருகிறது. நாம் பெங்களூரா என்றும் கிளிமூக்கு என்றும் சொல்லும் தோதாபுரிக் காய் வைகாசி முதல் ஆடி வரை வண்டி வண்டியாக வந்து இறங்கும். அதைக் கூழாக்கி அடைக்கும் ஆலைகள் நம் நாட்டில் செறிந்துள்ள இடங்கள் இரண்டு: ஒன்று சித்தூர், மற்றொன்று கிருஷ்ணகிரி. பழச்சாறு செய்யும் பெரிய கம்பெனிகளும் அயல்நாட்டாரும் அந்தக் கூழை வாங்குகின்றனர். இவ்வாலைகளுள் பெரியனவும் உண்டு, சிறியனவும் உண்டு. காய் தரகு பார்ப்போர், வண்டி வாடகைக்கு விடுவோர், பெட்டி செய்வோர் என்று அவற்றைச் சுற்றி வாழ்வோர் பலர். ஆலை ஓடுவது ஆண்டில் ஏறத்தாழ மூன்று மாதம். வங்கி வட்டி ஓடுவது பன்னிரண்டு மாதம்.

2025-இல் நடந்ததைப் பாருங்கள். விளைச்சல் மிகுந்து வந்தது. ஆனால் ஆலைகளில் முந்திய ஆண்டுக் கூழ் விற்காமல் தேங்கிக் கிடந்தது. பீப்பாயில் அடைத்த கூழ் கெடாமல் இருக்கும் என்பது உண்மை. ஆனால் அதற்குள் முடங்கிய பணம் புதுக் காய் வாங்க உதவாது. ஆலைகள் கொள்முதலைக் குறைத்தன. காயின் விலை சரிந்தது. ஆலை வாசல்களில் வண்டிகள் வரிசையாக நின்றன. ஆந்திர அரசு கிலோவுக்கு 12 ரூபாய் என்று விலை வைத்து, அதில் 8 ரூபாயை ஆலை கொடுக்க வேண்டும், 4 ரூபாயை அரசு கொடுக்கும் என்று ஏற்பாடு செய்தது. பிற மாநிலத் தோதாபுரிக் காய் மாவட்டத்துக்குள் வருவதைச் சித்தூர் ஆட்சியர் ஜூன் மாதத்தில் தடை செய்தார். அதனால் கருநாடகத்தோடு கடிதப் போக்குவரத்தும் ஏற்பட்டது. உழவர் பட்ட துன்பம் பெரிது. அதைத் தனியே பேச வேண்டும். சிறு ஆலைக்காரரின் நிலையை மட்டும் இங்கே கவனிப்போம்.

அவருக்குச் சரக்கு இருந்தது, பணம் இல்லை. பேரேட்டில் அவர் செல்வந்தர், சனிக்கிழமைக் கூலிக்கு ஏழை. திருப்பதிக் கடைக்காரர் கூட்ட நாள் பணத்தை இலாபம் என்று மயங்கியதும், ஆலைக்காரர் பீப்பாய்க் கூழைச் சொத்து என்று மயங்குவதும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. சரக்கு விற்றுப் பணமாகிக் கைக்கு வரும் நாள் எது என்பதைக் குறித்து வைக்காத ஐந்தொகை அரைக் கணக்கே. வாங்குகிறவர் ஒருவரோ இருவரோதான் என்றால் ஆபத்து இன்னும் கூடுதல். அவர் ஓர் ஆண்டு கையை மடக்கிக்கொண்டால் ஆலையின் கதி என்ன? ஆலை அடைக்கும் கூழில் இத்தனை பங்குக்கு மேல் ஒருவருக்கே விற்பதில்லை என்று முன்கூட்டியே வரம்பு வைத்துக்கொள்வதும், கடைசி ஒரு பங்கை உறுதியான ஆர்டர் கையில் கிடைத்தாலொழிய அடைப்பதில்லை என்று நிறுத்திக்கொள்வதும் கோழைத்தனம் ஆகா. அண்டை ஆலைக்காரர் இரவு பகலாக அடைக்கும்போது கை கட்டி நிற்பதற்குத் தனித் துணிவு வேண்டும்.

விற்ற பணம் வராமல் இழுக்கும்போது சிறு தொழிலாளிக்குச் சட்டத்தின் துணையும் உண்டு. 2006-ஆம் ஆண்டுச் சிறு, குறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டப்படி, பதிவு செய்த குறு, சிறு தொழில் நிறுவனத்திடம் சரக்கு வாங்கியவர் 45 நாளுக்கு மேற்படாமல் பணம் தர வேண்டும். தவறினால் வங்கி வட்டி விகிதத்தைப்போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டியாகச் சேர்த்துத் தர வேண்டும். 2023-24 கணக்காண்டு முதல், உரிய காலத்தில் கொடுக்காத தொகையை அவ்வாண்டுச் செலவாக வருமான வரியில் கழிக்கவும் முடியாது. இந்தப் பாதுகாப்பு பொருள் செய்வோருக்கும் சேவை தருவோருக்கும் உரியது. வாங்கி விற்கும் கடைக்காரர் 2021 முதல் உத்யம் பதிவு பெறலாமென்றாலும் அவருக்குக் கிடைப்பது முன்னுரிமைக் கடன் வசதி மட்டுமே. சட்டம் இருந்தும் பெரிய கம்பெனியைப் பகைத்துக்கொள்ள அஞ்சிச் சிறியவர் வாய் திறப்பதில்லை. ஆகவேதான் வாங்குவோர் பலராக இருக்க வேண்டும் என்று மேலே சொன்னோம். ஒருவரை இழந்தாலும் பிழைக்கலாம் என்னும் நிலை இருந்தால்தான் உரிமையைக் கேட்க நா எழும்.

திருக்காளத்திக் கலம்காரி இதற்கு நல்ல சான்று. கடுக்காயும் பாலும் ஊட்டிய துணியில், இரும்பும் வெல்லமும் ஊறிய கரியமையால் கோடு இழுத்து, தாவரச் சாயம் ஏற்றும் அக்கலை முற்காலத்தில் கோயில் திரைச்சீலைக்காகவே நடந்தது. கோயிலில் வாங்குவது குறைந்தபோது கலையும் தேய்ந்தது. 1950களின் பிற்பகுதியில் கமலாதேவி சட்டோபாத்யாயர் தலைமையிலிருந்த அகில இந்தியக் கைவினை வாரியத்தின் ஊக்கத்தால் அங்கே பயிற்சி நிலையம் ஏற்பட்டது. இப்போது அதே பேனா சேலையிலும் துப்பட்டாவிலும் சுவர்ச் சித்திரத்திலும் ஓடுகிறது. கோயிலுக்கு வராதவரும் அதை வாங்குகின்றனர். திருப்பதிக் கடைக்காரர் எல்லோரும் கலைஞராக முடியாது. ஆனால் யாத்திரிகரன்றி உள்ளூராரும் வாங்கும் பொருள் இரண்டையாவது கடையில் வைக்கலாமன்றோ? பள்ளிக் குறிப்பேடோ, பூசைச் சாமானோ, தைத்த துணிப்பையோ எதுவாயினும் சரி. நம் எடுத்துக்காட்டுக் கணக்கில் வறண்ட நாள் விற்பனை 3,500-லிருந்து 4,000 ஆனாலே ஆண்டில் முப்பதாயிரம் ரூபாய் துண்டு குறைகிறது.

கணக்கெழுதுவதற்குக் கம்ப்யூட்டர் வேண்டியதில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும்: நாள், விற்பனை, கொள்முதல், வீட்டுக்கு எடுத்தது. கைப்பேசியில் பணம் வாங்குகிற கடைகளில் பாதிக் கணக்கு தானாகவே பதிவாகிவிடுகிறது. மீதியைத்தான் எழுத வேண்டும். இரண்டு ஆண்டு எழுதினால் எந்த வாரம் கூட்டம், எந்த வாரம் வறட்சி என்பது கடைக்காரரின் நினைவை நம்பாமல் கண்முன் நிற்கும். நினைவு நல்ல நாளைப் பெரிதாக்கிக் காட்டும் இயல்புடையது.

நோட்டின் கடைசிப் பக்கத்தை மட்டும் வேறாக ஒதுக்குமாறு நேயர்களைக் கேட்டுக்கொள்கிறோம். நாம் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், நமக்கு யார் எவ்வளவு தர வேண்டும், கடை வாடகைப் பத்திரம் எந்தத் தேதியில் முடிகிறது, முன்பணம் எவ்வளவு, எந்த வங்கியில் எந்தக் கணக்கு, பதிவுச் சான்று எங்கே இருக்கிறது என்பவற்றை அதில் எழுதி, ஒவ்வொரு மாதமும் முதல் தேதியன்று திருத்த வேண்டும். கடைக்காரர் ஒரு வாரம் காய்ச்சலாகப் படுத்தாலும், அதற்கு மேலும் ஏதேனும் நேர்ந்தாலும், கல்லாவில் வந்து உட்காரப் போகிறவர் மனைவியோ மகளோ தம்பியோ யாராயினும் அவர் அந்தப் பக்கத்தை வாய்விட்டுப் படித்துப் பார்க்கட்டும். புரியாத வரி இருந்தால் அதை அன்றைக்கே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.